காணி போன பின் இறைபராமரிப்பைப் பற்றிப் பேசலாமா?

கெலிஓயாவில் மகாவலியின் ஓரமாக வயலும் மரக்கறித் தோட்டமும் செய்து வந்த குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது ஒரு தயக்கத்துடனேயே நாங்கள் போகிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் ஆறு பெருகி, கம்பளை, கெலிஓயா, பேராதனைப் பகுதிகளுக்குள் புகுந்தது. கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து இறங்கின. சிலருக்கு வீடு போனது. சிலருக்கு வீடு நிற்கிறது. ஆனால் அதற்குள் போகக் கூடாது என்று அறிவித்தல் வந்துவிட்டது. மிளகுக் கொடியும் கராம்பு மரமும் நின்ற சரிவே இல்லாமற் போனவர்களும் உண்டு.

இவர்களிடம் போய், "கடவுள் உங்களைக் காத்தார், நன்றி சொல்லுங்கள்" என்று சொல்வது எளிது. நாங்களும் சொன்னோம். ஒரு தாய் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "அப்ப பக்கத்து வீட்டுக்காரவங்கள காப்பாத்த அவருக்கு மனசு வரலையா, சிஸ்டர்?" அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. பேசாமல் அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தோம். அந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான பேச்சை ஒதுக்கி வைப்போம். "பாவம் செய்தவர்களின் காணிதான் சரிந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். செபக்கூட்டங்களில்கூட இது காதில் விழுகிறது. இயேசுவின் காலத்திலும் எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று பதிலும் சொன்னார். இது லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மனம் திரும்ப வேண்டியவர்கள் என்று அவர் சுட்டிக்காட்டியது செத்தவர்களை அல்ல, உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை. ஆகவே முகாமில் இருப்பவரைப் பார்த்து உன் பாவம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் இறைபராமரிப்பு என்பது என்ன? மழை பெய்யாமல் விடுவதும் மலை சரியாமல் நிற்பதும் மட்டுமே பராமரிப்பு என்றால், அது எங்கள் மத்தியில் இல்லை என்றே சொல்ல வேண்டிவரும். விவிலியம் காட்டுவது வேறு மாதிரி. இறைவாக்கினர் எலியா உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, இனிச் சாகிறேன் என்று மன்றாடினார். அவருக்கு எந்த அறிவுரையும் கொடுக்கப்படவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டார், தூங்கினார். மறுபடியும் சாப்பாடு வந்தது. பேச்செல்லாம் பிறகுதான். நிவாரண வேலை செய்கிற எங்களுக்கு இந்தப் பகுதி எப்போதும் ஒரு குட்டு வைக்கிறது.

இதற்கு எங்கள் கண்டியிலேயே ஒரு சாட்சி உண்டு. புனித யோசேப் வாஸ் அடிகளார் கோவாவில் 1651இல் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடனேயே கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். தொற்றுமோ என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது ஒரு பெண் கஞ்சி கொடுத்து அவரைப் பிழைக்க வைத்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. 1692இல் கண்டிக்கு வந்தபோது உளவாளி என்ற சந்தேகத்தில் சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி உள்ளவர்கள் நகரத்தை விட்டுப் போனார்கள். நோயாளர் காட்டில் விடப்பட்டார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேப் கார்வாலோ அடிகளாரும் தங்கி நின்று, அவர்களுக்குக் குடில் அமைத்து, கழுவித் துடைத்து, சோறு ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். மதம் பார்க்கவில்லை. அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்த கஞ்சிதான் பத்து வருடத்துக்குப் பின் கண்டிக் காட்டில் மற்றவர்களுக்குக் கிடைத்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அம்மை வராமல் நின்றுவிடவில்லை, பலர் இறந்தார்கள். ஆனால் கைவிடப்பட்டவர்களிடம் ஒருவர் வந்தார். அந்தத் தாயின் கேள்விக்கு இது முழுப் பதில் அல்ல. பக்கத்து வீட்டாருக்கு ஏன் அப்படி நடந்தது என்பதற்கு எங்களிடம் இன்றும் பதில் இல்லை. ஆனால் அன்றிரவு அவருடைய பிள்ளைகளை முழங்கால் அளவு சேற்றில் தூக்கி வந்தவர் யார் என்று அவரே எங்களுக்குச் சொன்னார். அதை அவர் மறக்கவில்லை.

நன்றி சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடந்தது நல்லதுக்கே என்று சொல்வது நன்றி அல்ல. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுகள்: ஏன் மறந்தீர், எவ்வளவு காலம் என்று கடவுளிடமே கேட்பவை. ஆகவே இரவுச் செபத்தில் இரண்டையும் சொல்லலாம். இன்று நெஞ்சை வருத்தியதைச் சொல்லுங்கள். இன்று எங்களிடம் வந்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளையும் சொல்ல விடுங்கள். பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, வெடித்த சரிவின் கீழ் இருக்கும் வீட்டுக்குச் சிலர் இரவில் தூங்கப் போகிறார்கள். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதிக்கப்பட்டபோது இயேசு குதிக்கவில்லை. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிப்போன ஊற்று, திறக்க மறுக்கும் கதவு, இவற்றைக் கண்டால் உடனே விலகி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கிடைக்கும் முன் அந்த இடத்தில் மீண்டும் சுவர் எழுப்ப வேண்டாம். அந்த எச்சரிக்கையும் எங்களுக்கு வரும் பராமரிப்புத்தான்.

இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தை விவசாயிகளான நீங்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக் கொண்டுவரும் விவசாயி வாய் திறந்து சொல்ல வேண்டிய வார்த்தைகள் அங்கே இருக்கின்றன. அவர் தன் நிலத்தின் பெருமையைச் சொல்லித் தொடங்குவதில்லை. நிலமில்லாமல் அலைந்த முன்னோரையும், அந்நிய நாட்டில் பட்ட பாட்டையும், கூப்பிட்ட குரல் கேட்கப்பட்டதையும் சொல்லித்தான் கூடையை வைக்கிறார். இடம்பெயர்ந்த கதை இல்லாமல் அந்த நன்றி இல்லை.

முகாமின் பின்பக்கத்தில் சாக்குப் பையில் மண் நிரப்பிப் பசளியும் மிளகாயும் நட்டவர்களை நாங்கள் பார்த்தோம். இந்த வருடக் கூடைக்கு அந்த முதல் பிடி கீரை போதும். கூடையை வைத்தவர் தன் நடுவில் வாழும் அந்நியரோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. பக்கத்துப் பாயில் படுப்பவர் பள்ளிவாசலுக்குப் போகிறவரோ, விகாரைக்குப் போகிறவரோ, கோவிலுக்குப் போகிறவரோ, அந்தக் கறியில் ஒரு கரண்டி அவருக்கும் எடுத்து வையுங்கள்.