பாட்டியின் பெட்டியில் பத்மநாபர் காசு!

குழந்தைக்குக் காதுகுத்து என்றதும் பழைய நகைப்பெட்டி பரணிலிருந்து இறங்கும். மூலையில் துணியில் முடிந்த பொடிக்காசு ஒன்று கிடக்கும். "அத்தே, இது எதுக்கு சும்மா கெடக்கு? அழிச்சு ஒரு கம்மல் பண்ணிருவோமே!" என்பாள் மருமகள். கொஞ்சம் பொறுங்கள், சகோதரி!

நம் திருமங்கலத்தில் பிரியும் கொல்லம் சாலை ராஜபாளையம், தென்காசி தாண்டிச் செங்கோட்டைக்குப் போகிறது. செங்கோட்டை 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர்ச் சீமை. அந்தப் பக்கம் பெண் கொடுத்து, பெண் எடுத்த வீடுகளில் அந்தச் சீமைத் தங்கக்காசு இருந்தால் ஆச்சரியமில்லை.

1750-ல் மார்த்தாண்ட வர்மா தம் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, சுவாமியின் தாசராக ஆண்டார். காசிலும் சுவாமி சம்பந்தம் உண்டு. 'அனந்தராயன் பணம்' என்ற பெயரிலேயே அனந்தசயனப் பெருமாள் இருக்கிறார். பொட்டு அளவுதான், அரை கிராம்கூடத் தேறாது. இன்னொன்று துலாபாரக் காசு. மன்னர் தராசில் அமர, மறுதட்டில் அவர் எடைக்குத் தங்கம். அது காசாகத் தானம் செய்யப்படும். 1850-லும் 1870-லும் இப்படி நடந்தது. ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் மலையாளத்தில் 'ஸ்ரீ பத்மநாப'.

அரை கிராமை அழித்தால் கிடைப்பது அரை கிராம் தங்கம்தான். சேகரிப்பவர்களோ எடைக்கு மேல் தருவார்கள். பணமுடையில் விற்பது தப்பில்லை. எடைக்கு விற்பதுதான் நஷ்டம்.

இவற்றைக் கவனியுங்கள்:

* புளி, சாம்பல், பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

* சங்கிலியில் கோக்கத் துளை போடவோ, கண்ணி பற்றவைக்கவோ வேண்டாம். காசின் மதிப்பு குறைந்துவிடும்.

* நகைக்கடை இயந்திரம் தங்கத்தின் மாற்றைத்தான் சொல்லும். காசு பழையதா, புது வார்ப்பா என்று சொல்லாது. போலிகள் நிறைய. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

* நூறு வருஷம் கடந்த காசு, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஆசையாகக் கொடுத்தனுப்பினால் வம்பு!

முக்கியமாக, யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழிதிக் காசோடு வையுங்கள் என்று பெரியவர்களிடம் இப்போதே சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தானே உண்டு!