குட்டி பொரிக்குமுன் கணக்கு
பந்து மலைப்பாம்பு வளர்ப்பில் புதியவர் இடவேண்டிய திட்டம்

தறியில் பாவு ஏற்றுமுன்னரே, நெய்து முடியும் சேலை எந்தச் சந்தைக்குப் போகும் என்பதை நெசவாளர் எண்ணிப் பார்க்கிறார். நாற்று விடுமுன்னரே, அறுவடையாகும் நெல்லுக்குக் களமும் குதிரும் உண்டா என்பதை உழவர் பார்த்துக்கொள்கிறார். முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிக் கணக்கிடும் இம்முறை எல்லாத் தொழிலுக்கும் பொது. எனினும், உற்பத்தியாகும் பொருள் உயிருள்ளதாக இருக்குமாயின், இக்கணக்கில் நேரும் பிழை பணத்தோடு நின்றுவிடுவதில்லை. விற்காத துணியை மடித்து வைக்கலாம். விற்காத உயிருக்கு நாள்தோறும் பொறுப்பு உண்டு.

இவ்வுண்மையை நன்கு விளக்கும் தொழில் ஒன்றை இத்திங்கள் அங்கத்தினர் முன் வைக்கிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் தம் வீட்டின் ஓர் அறையிலேயே பந்து மலைப்பாம்பு என்னும் சிறு மலைப்பாம்பை இனம்பெருக்கி விற்று வருகின்றனர். பாம்பா என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். ஆயினும் விதைத் தேர்வு, காலக்கணக்கு, தீனிச் செலவு, சந்தை விலை ஆகிய நான்கும் நாம் அறிந்தவையே. அந்நாடுகளில் இதைத் தொடங்கும் புதியவர் ஒருவர் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பாம்பின் இயல்பு

இப்பாம்பின் தாயகம் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் முதல் கிழக்கே உகாண்டா வரையுள்ள புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் இது வாழ்கிறது. அச்சம் நேர்ந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. நஞ்சில்லாதது, மூன்று முதல் ஐந்து அடி நீளம் வளர்வது, எலி வளைகளில் தங்கி எலிகளையே பெரிதும் உண்பது, ஆகவே உழவருக்கு நண்பன். பெனின் நாட்டின் வீடா நகரில் இப்பாம்புகளுக்கெனக் கோயிலே இருக்கிறது. அங்கே இவற்றைக் கொல்லுதல் பாவம் என்று கருதப்படுகிறது.

அதே பெனினும், அண்டை நாடுகளான டோகோவும் கானாவும் இப்பாம்பை இலட்சக்கணக்கில் வெளிநாடுகளுக்கு அனுப்பியுள்ளன. வளைகளைத் தோண்டி முட்டைகளையும் சினைப்பாம்புகளையும் எடுத்து, பண்ணையில் பொரிக்கவைத்துக் குட்டிகளை ஏற்றுமதி செய்வது அங்குள்ள வழக்கம். இவ்வாறு வருவன பல வேளைகளில் ஒட்டுண்ணிகளோடு வருகின்றன; புதிய இடத்தில் இரையெடுக்க மறுக்கின்றன. ஆதலின் புதியவருக்குரிய முதல் விதி, வளர்ப்பில் பிறந்து ஒழுங்காக இரையெடுத்துவரும் பாம்பையே வாங்குதல். அவ்வாறு வாங்கியதையும் மூன்று திங்கள் தனியறையில் வைத்து நோய் பார்த்த பின்னரே மற்றவற்றின் அருகில் கொண்டுவர வேண்டும்.

இப்பாம்பின் ஆயுளையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்துதல் நலம். நல்ல பராமரிப்பில் இது 20, 30 ஆண்டுகள் வாழ்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 62 வயதேனும் ஆகியிருக்கும் என்று மதிக்கப்பட்ட ஒரு பாம்பு 2020 இல் ஏழு முட்டைகள் இட்டது. இன்று பொரிக்கும் குட்டிக்கு நாம் தேடித்தரும் இடம் ஒரு தலைமுறைக் காலத்துக்கானது.

வண்ணமும் விலையும்

இயற்கையில் இப்பாம்பு கரும்பழுப்பு நிறத்தில் பொன்னிறத் திட்டுகளோடு இருக்கும். அந்த இயற்கை நிறக் குட்டிக்கு இன்று அமெரிக்கச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதில்லை. பல வேளைகளில் 50 டாலருக்கும் குறைவாகவே போகிறது. வாங்குவோர் நாடுவது அரிய வண்ண வகைகளை. வளர்ப்பில் முதன்முதலாக அல்பினோ என்னும் வெண்மஞ்சள் குட்டியைப் பொரிக்கச் செய்தவர் பாப் கிளார்க் என்னும் அமெரிக்கர், ஆண்டு 1992. அன்று ஒரு குட்டியின் விலை ஆயிரக்கணக்கான டாலர். இன்று அதே வண்ணக் குட்டி சில நூறு டாலருக்குள் கிடைக்கிறது. காரணம் வெளிப்படை. இந்தப் பண்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்வது; வாங்கியவர் ஒவ்வொருவரும் சில ஆண்டுகளில் விற்பவராகிவிடுகிறார். ஆகவே இன்றைய விலையை வைத்து நான்கு ஆண்டுக்குப் பின் வரும் வருவாயை எழுதுவது மணலில் கோடு போடுவதாகும்.

மரபின் கணக்கு

மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளில் கண்டு 1866 இல் வெளியிட்ட விதியே இங்கும் ஆட்சி செய்கிறது. ஒவ்வொரு பண்புக்கும் தந்தை தந்த இழை ஒன்று, தாய் தந்த இழை ஒன்று என இரண்டு இழைகள் குட்டிக்கு உண்டு. அல்பினோ ஒடுங்கு பண்பு. இரண்டு இழைகளும் அல்பினோவாயிருந்தால்தான் அந்நிறம் வெளிப்படும். ஒன்று மட்டும் இருந்தால் குட்டி இயற்கை நிறத்திலேயே இருக்கும். எனினும் அப்பண்பை உள்ளே சுமக்கும். அதனைத் தாங்கி என்போம். பாஸ்டல் போன்ற வேறு சில வகைகளில் ஓர் இழையே நிறத்தைக் காட்டிவிடும். இரண்டு இழைகள் சேர்ந்தால் நிறம் மேலும் தெளியும்.

ஒரு தாய்ப்பாம்பு ஒரு முறையில் இடும் முட்டைகள் சராசரியாக ஆறு. தாங்கியோடு தாங்கியைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு அல்பினோ என்று ஏடு சொல்கிறது. ஏட்டை நம்பி, ஆறு முட்டையில் ஒன்றேனும் கட்டாயம் வரும் என்று புதியவர் எண்ணுகிறார். ஆனால் நான்கில் மூன்று என்னும் பின்னத்தை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள். ஆறு முட்டையிலும் ஓர் அல்பினோகூட வராமற்போவதற்கு நூற்றுக்கு 18 வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒரே குட்டியில் காணும் ஆசையால், இரண்டையும் தாங்கிய ஆணையும் பெண்ணையும் சேர்ப்பவருக்கோ வாய்ப்பு 16 இல் ஒன்றுதான். ஆறு முட்டையில் அது ஒன்றுகூடக் கிட்டாமற்போவதற்கு நூற்றுக்கு 68 வாய்ப்பு. மூன்றாண்டு உழைப்பை இத்தகைய சூதில் வைப்பது தொழிலன்று.

எந்த வழி சிக்கனம்?

அல்பினோ ஆண் ஒன்றையும், விலை மலிவென்று இயற்கை நிறப் பெண் ஒன்றையும் குட்டிகளாக வாங்குகிறார் ஒருவர் என்று கொள்வோம். பெண் சினைக்குத் தகுதிபெற ஏறத்தாழ மூன்று வயதும் 1,500 கிராம் எடையும் வேண்டும். முதல் ஈட்டில் பிறப்பவை யாவும் தாங்கிகள். ஒன்றேனும் அல்பினோ இராது. அவற்றுள் ஒரு மகளை வளர்த்து ஆளாக்க மீண்டும் மூன்று ஆண்டுகள். ஆக, முதல் அல்பினோவைக் காண ஏழு ஆண்டுகள் ஆகும்.

மற்றொருவர் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து, அல்பினோ ஆணோடு, தாங்கியென்று உறுதிசெய்யப்பட்ட பெண்ணை வாங்குகிறார். முதல் ஈட்டிலேயே பாதிக்குப் பாதி அல்பினோ எதிர்பார்க்கலாம். ஆறு முட்டையில் ஒன்றும் வராமற்போவதற்கு 64 இல் ஒரு வாய்ப்பே உண்டு. பெண் வளர்வதற்குள் எவ்வளவு தீனி செல்லும் என்று பாருங்கள். முதலாண்டு வாரம் ஒன்று, அடுத்த ஈராண்டு இரு வாரத்துக்கு ஒன்று என்றாலும் 104 எலிகள். அத்துணைத் தீனியையும் மூன்று ஆண்டுகளையும் மிச்சப்படுத்தும் தாங்கிப் பெண்ணே மலிவு. மலிந்த விதையே விலையுயர்ந்த விதை என்பதை உழவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே புதியவர்க்கு ஏற்ற அளவு ஓர் ஆண், இரண்டு பெண்கள், ஒரே ஒடுங்கு பண்பு. இதற்கு மேல் வேண்டாம்.

ஓராண்டின் வேலை

நவம்பர் முதல் மார்ச்சு வரை ஆணைப் பெண்ணின் பெட்டியில் இரண்டு மூன்று நாள் விட்டு, பின் பிரித்து ஓய்வு தர வேண்டும். இக்காலத்தில் சில பாம்புகள் வாரக்கணக்கில் இரையெடுக்க மறுக்கும். எடை குன்றாதவரை அஞ்ச வேண்டுவதில்லை. எடையை வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வைத்தால் ஐயத்துக்கிடமிராது. சினைகொண்ட பெண் முட்டையிடுவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னர்ச் சட்டை உரிக்கும். அந்நாளை ஏட்டில் குறித்துக்கொண்டு அடைகாப்புப் பெட்டியைச் சித்தம் செய்ய வேண்டும். முட்டை வந்த பிறகு பெட்டி தேடுவது, கதிர் முற்றியபின் அரிவாள் அடிக்கப் போவதை ஒக்கும்.

இயற்கையில் தாயே முட்டைகளைச் சுற்றி வளைத்துக் காக்கும். பெட்டியில் வைப்பதாயின் வெப்பம் 31, 32 சென்டிகிரேட் பாகையில் நிலைத்திருக்க வேண்டும். இதற்குத் தெர்மோஸ்டாட் கருவி இன்றியமையாதது. வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடித்தலாகாது. முட்டையின் மேற்புறத்தில் பென்சிலால் அடையாளமிட்டு, புரட்டாமல் வைக்க வேண்டும். கோழி முட்டையைப்போல் திருப்பினால் கரு அழிந்துவிடக்கூடும். 55 முதல் 60 நாளில் குட்டிகள் ஓட்டைக் கிழித்து வெளிவரும். ஓரிரு வாரத்தில் முதற் சட்டை உரித்தபின் முதல் இரை. தொடர்ந்து நான்கைந்து முறை தயங்காமல் இரையெடுத்த குட்டியே விற்பனைக்குரியது. நவம்பரில் சேர்த்ததன் பயன் கைக்கு வர அடுத்த ஆண்டு ஆகஸ்டோ செப்டம்பரோ ஆகிவிடும்.

முட்டையிட்ட தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். இழந்ததை மீட்டுக்கொள்ளாத பெண்ணை அடுத்த ஆண்டும் சேர்ப்பது, தரிசு விட வேண்டிய நிலத்தில் விதைப்பதைப் போன்றது. ஆண்டுதோறும் ஈட்டு என்று வரவை எழுதாமல், ஈராண்டுக்கு ஒன்று என்று எழுதுவதே நேர்மையான மதிப்பீடு.

எஞ்சும் குட்டிகள்

இனித் திட்டத்தின் நடுநாயகமான பகுதிக்கு வருவோம். இரண்டு பெண்களும் ஆறாறு முட்டையிட்டுப் பன்னிரண்டும் பொரித்தன என்று கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழ ஆறு அல்பினோ, ஆறு தாங்கிகள். ஒவ்வொரு குட்டியையும் தனிப்பெட்டியில் வைக்க வேண்டும். ஆகவே பெட்டிகள் பன்னிரண்டு. மூன்று திங்களில், அதாவது 13 வாரத்தில், அவற்றுக்கு 156 சிறு எலிகள் செல்லும். அல்பினோக்கள் விற்றுப்போய்த் தாங்கிகள் ஆறும் ஓராண்டு தங்கிவிட்டால் மேலும் 312. ஒவ்வொன்றும் ஐம்பது டாலரும் பெறாத குட்டிகள்! அல்பினோவின் ஆதாயத்தைத் தாங்கிகளின் வயிறு தின்றுவிடும். பசித்த குட்டியைக் குறை சொல்வதற்கில்லை. எண்ணாமல் பொரிக்கவைத்தவர் கணக்கே குறையுடையது.

ஆதலின் திட்டத்தின் முதல் ஏட்டில் எழுதவேண்டிய வினா, எவ்வளவு அழகிய குட்டி பிறக்கும் என்பதன்று. மிகச் சாதாரணமான குட்டி எங்கே போகும் என்பதே. அமெரிக்காவில் டின்லி பார்க், ஜெர்மனியில் ஹாம் ஆகிய ஊர்களின் கண்காட்சிச் சந்தைகளில் மேசை பிடித்து விற்கலாம். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான மேசைகளில் அதே வண்ணக் குட்டிகள் இருக்கும். விற்குமுன் வாங்குவோரை அறிந்திருத்தல், எஞ்சியவற்றை ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ள இடம் ஒதுக்குதல், இரண்டும் இயலாதாயின் முட்டை விளைவிக்காதிருத்தல் என்னும் மூன்றே வழிகள் உண்டு.

அழகின் விலை

ஸ்பைடர் என்னும் வகை 1999 இல் அமெரிக்காவில் இனம்பெருக்கப்பட்டது. சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் கொண்ட இதனைப் பலரும் விரும்பினர். ஆனால் இவ்வகைப் பாம்பு தலையைச் சாய்த்து ஆட்டுகிறது. சில பாம்புகள் இரையைக் குறிபார்த்துப் பற்றவும் இயலாமல் தவிக்கின்றன. உட்செவியின் அமைப்பே இவ்வகையில் பழுதுற்றிருப்பதை 2022 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கோட்டழகைத் தரும் கூறும் தள்ளாட்டத்தைத் தரும் கூறும் ஒன்றே. ஒன்றை விடுத்து மற்றொன்றைப் பெறுதல் இயலாது. சாயம் போகும் என்று தெரிந்தே நூலுக்கு ஏற்றிச் சேலையை விற்கும் நெசவாளரை நாம் மதிப்பதில்லை. துன்புறும் என்று தெரிந்தே பொரிக்கவைப்பவரை எப்படி மதிப்பது? விலை எவ்வளவு வந்தாலும் புதியவர் இவ்வகையை ஒதுக்குதல் கடமை.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் இத்தொழிலை நினைத்தவுடன் தொடங்க இயலாது. நம் நாட்டு மலைப்பாம்பு 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுக் காவலில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். பந்து மலைப்பாம்பு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அச்சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தப்படி இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட இப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பறிமுதலாகியுள்ளன. ஆகவே பாம்பு வளர்க்க அங்கத்தினரைத் தூண்டுவது நம் நோக்கமன்று.

ஆனால் கோழியோ ஆடோ பட்டுப்புழுவோ, உயிரை விளைபொருளாகக் கொள்ளும் எவருக்கும் இக்கணக்கு பொருந்தும். ஒரே பண்பைத் தேர்ந்தெடுத்தல், உறுதியான விதைக்கு விலை கொடுத்தல், காலத்தைக் குறைத்து மதிப்பிடாமை, வரவைப் பாதியாகவும் தீனியை இருமடங்காகவும் எழுதுதல், கடைசிக் குட்டிக்கும் இடம் கண்ட பின்னரே முதல் முட்டைக்கு வழிசெய்தல். இவ்வைந்தையும் ஏட்டில் எழுதிப் பார்த்து, அதன் பின்னும் ஆதாயம் மிஞ்சுமாயின் தொடங்கலாம். மிஞ்சாதாயின், செலவு ஒரு தாளோடும் ஒரு பென்சிலோடும் முடிந்தது. ஓர் உயிரும் வாடவில்லை.