பயந்த நாய்க்குட்டிக்கும் ஒரு துணை வேண்டும்

எமது கிராமங்களில் நாய் இல்லாத வீடுகள் குறைவு. ஆண் துணையின்றிப் பிள்ளைகளுடன் வாழும் பெண்களின் வீடுகளில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. இரவில் படலையடியில் யாரும் வந்து நின்றால் முதலில் அறிவிப்பது அதுதான். வேலிக்கு வெளியே ஏதோ சரசரத்தாலும், "நாய் குரைக்கவில்லை, ஒன்றுமில்லை" என்று மறுபக்கம் திரும்பிப் படுக்கின்ற நிம்மதியைத் தருவதும் அதுதான். ஆனால் அந்த நாயே ஒரு சிறு சத்தத்துக்கு நடுங்கிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டால் என்ன செய்வது?

வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திப்பது எனது தொழில். வாழ்வாதார உதவி, காணிப் பத்திரம், பிள்ளைகளின் பாடசாலை என்று கதைக்கப் போகும் இடத்தில் வீட்டு நாயின் கதையும் வந்துவிடும். "இது பயந்தாங்கொள்ளி. எங்கேயாவது கொண்டுபோய் விடப் போகிறேன்" என்று சொன்ன பெண்கள் பலர். அப்படி விடப்படும் நாய் வீதியில் அடிபட்டுச் சாகும், அல்லது பயத்தில் யாரையாவது கடிக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் இப்படியான குட்டிகளில் அநேகமானவற்றை நல்ல நாயாக வளர்த்தெடுக்கலாம். செலவும் அதிகம் இல்லை.

பயம் எங்கிருந்து வருகின்றது?

அமெரிக்காவில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்து அவதானித்து, 1965ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார்கள். பிறந்து 3ஆவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12ஆவது வாரம் வரையான காலமே குட்டி உலகத்தை அறிந்துகொள்ளும் முக்கிய காலம் என்பது அவர்கள் கண்ட உண்மை. இக்காலத்தில் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்து, பல விதமான மனிதர்களையும் சத்தங்களையும் அமைதியாகப் பழகிய குட்டி பிற்காலத்தில் எளிதில் மிரளாது.

எமது ஊர்களில் நடப்பது என்ன? கண் திறந்து இரண்டு கிழமை ஆவதற்குள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, சாக்குப் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறோம். வந்ததும் கழுத்தில் கயிறு. அது பார்ப்பது ஒரு மரமும் ஒரு முற்றமும் மாத்திரமே. பிறகு ஆறேழு மாதத்தில் கோயில் திருவிழா வெடியையும் இடிமுழக்கத்தையும் ஒரேயடியாகக் கேட்கும்போது அது என்ன செய்யும்? மனிதரின் காது சுமார் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கேட்கும். நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். எமக்குக் கேளாத எத்தனையோ சத்தங்கள் அதற்குக் கேட்கின்றன.

சில குட்டிகளுக்குப் பயந்த சுபாவம் தாயிடமிருந்தே வருவதுண்டு. சில குட்டிகள் அடி வாங்கியதால் பயந்தவை. காரணம் எதுவாக இருந்தாலும் பயம் குட்டியின் குற்றம் அல்ல.

அடையாளங்கள்

நடுங்குவதும் ஒளிப்பதும் எல்லோருக்கும் தெரியும். வேறு சில அடையாளங்களை நாம் கவனிப்பதில்லை. வாலைப் பின்னங்கால்களுக்கிடையில் செருகுவது, காதுகளைப் பின்னால் மடிப்பது, வெயில் இல்லாமலே இளைப்பது, சாப்பாடு இல்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, நித்திரை இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, ஆட்களைக் கண்டதும் சிறுநீர் கழிப்பது, விருப்பமான சாப்பாட்டையும் தொடாமல் விடுவது ஆகியவையும் பயத்தின் அடையாளங்களே.

உறுமுவதும் அப்படித்தான். "கிட்ட வராதே" என்று நாய்க்குச் சொல்லத் தெரிந்த வழி அதுதான். உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும்.

வீமனின் கதை

முல்லைத்தீவு மாவட்டத்தில் காட்டோரமாக ஒரு மீள்குடியேற்றக் கிராமம். 2009இல் கணவரை இழந்த ஓர் அம்மா அங்கே மகளுடன் வசிக்கிறார். அதிகாலை மூன்றரை மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். துணைக்கென்று வாங்கிய நாய்க்கு அவர் வைத்த பெயர் வீமன்.

"பேர்தான் வீமன், பிள்ளை. வெடிச்சத்தம் கேட்டால் காணும், கட்டிலுக்குக் கீழ போயிடும். பிறகு அண்டைக்கு முழுக்கச் சோறும் தின்னாது" என்றார்.

அந்தப் பகுதியில் யானைகளைத் துரத்த இரவில் யானை வெடி கொளுத்துவார்கள். ஒரு நாள் அப்படி வெடித்தபோது வீமன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாட்களின் பின்னர்தான் கிடைத்தது. மற்றொரு நாள் கட்டிலுக்குக் கீழே கிடந்த அதைப் பக்கத்து வீட்டுப் பையன் காலில் பிடித்து இழுக்க, அவன் கையில் பல் பட்டுவிட்டது. பையனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். "இனி இந்த நாயை வைத்திருக்கக் கூடாது" என்று அயலவர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த அம்மா நாயைத் தும்புத்தடியால் அடிப்பதை நானே பார்த்தேன். ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அது நடுங்கிறதைப் பார்க்க என்னால ஏலாது, பிள்ளை. பங்கருக்குள்ள நாங்கள் நடுங்கினது ஞாபகம் வருது. அதை நிப்பாட்டத்தான் அடிக்கிறனான்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அரச கால்நடை வைத்தியர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். அவர் சொன்ன முறைகளை அந்த அம்மாவும் மகளும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் விடாமல் செய்தார்கள். அவற்றைத்தான் கீழே தருகிறேன். அதற்கு முன் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தில் அகப்பட்ட நாய்கள்

ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவை உங்களில் சிலர் பாடசாலையில் படித்திருப்பீர்கள். மணியோசை கேட்டால் நாய்க்கு வாயூறும் என்று காட்டியவர். 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது அவருடைய நாய்கள் கூடுகளில் அகப்பட்டன. ஊழியர்கள் அவற்றைத் தண்ணீருக்குள்ளால் இழுத்துக் காப்பாற்றினார்கள். உயிர் தப்பிய நாய்களில் சில, முன்னர் நன்றாகப் பழகியவற்றையெல்லாம் மறந்துபோயின. பின்னர் ஆய்வு அறையின் கதவின் கீழால் சிறிது தண்ணீரை ஓடவிட்டபோது, தேறியிருந்த நாய் மீண்டும் பழைய நிலைக்குப் போனது. கொஞ்சத் தண்ணீர்தான். ஆனால் நாயின் உடம்புக்கு அது வெள்ளம்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். பழகிய ஆய்வாளர் அறைக்குள் வந்து நாயுடன் இருந்தபோது அது அமைதியடைந்தது. பயந்த உயிருக்கு அருகில் நம்பிக்கையான ஒருவர் இருப்பதே ஒரு மருந்து என்பதை இது காட்டுகிறது. "தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும், செல்லம் கொடுக்காதே" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பயம் ஓர் உணர்வு. நாய் வேண்டுமென்று போடும் நாடகம் அல்ல.

அடித்தால் அடங்கிவிடுகிறதே என்று கேட்கலாம். 1967இல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களில் பல, பின்னர் தப்புவதற்கு வழி இருந்தும் முயற்சி செய்யாமல் அப்படியே படுத்துக் கிடந்தன. அடிக்கு அடங்கிய நாயும் இப்படித்தான். சத்தம் போடாமல் கிடப்பதால் பயம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

1. ஒளிக்க ஓர் இடம் கொடுங்கள். கட்டிலுக்குக் கீழே அல்லது ஒரு மூலையில் பழைய சாக்கை விரித்து, மூன்று பக்கமும் மறைத்து விடுங்கள். உங்கள் பழைய சீலைத் துண்டொன்றையும் போடுங்கள். அங்கே இருக்கும்போது யாரும் இழுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

2. நேரம் தவறாதீர்கள். சாப்பாடு, வெளியே கொண்டுபோவது, கட்டுவது, அவிழ்ப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் குட்டிக்குப் பதற்றம் குறையும்.

3. சத்தத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். அந்த அம்மாவின் மகள் கைத்தொலைபேசியில் வெடிச்சத்தத்தைப் பதிவுசெய்தாள். மிகக் குறைந்த சத்தத்தில் அதைப் போட்டு, உப்பில்லாமல் அவித்த மீன் துண்டை முள் நீக்கி உடனே கொடுத்தாள். தினமும் ஐந்து நிமிடம் மாத்திரம். குட்டி காதை மட்டும் அசைத்துவிட்டுச் சாப்பிட்டால், சில நாட்களின் பின் சத்தத்தை ஒரு படி கூட்டலாம். சாப்பிடுவதை நிறுத்தினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். பழைய படிக்குத் திரும்புங்கள். முதலில் சத்தம், பிறகு சாப்பாடு என்ற ஒழுங்கு மாறக் கூடாது.

4. புதிய ஆட்கள் வந்தால் நாயிடம் போக விடாதீர்கள். நாய் தானாக அவர்களிடம் வரட்டும். வந்தவர் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டாக இருந்து ஒரு பாண் துண்டைப் போட்டால் போதும். தலையில் தடவக் கையை நீட்ட வேண்டாம்.

5. தனியே விட்டுப் போகும்போது ஊளையிடும், கதவைப் பிறாண்டும் குட்டி என்றால், முதலில் ஒரு நிமிடம் வெளியே போய் வாருங்கள். பின்னர் ஐந்து நிமிடம், பின்னர் கால் மணித்தியாலம் என்று கூட்டுங்கள். போகும்போது சிரட்டையில் கொஞ்சம் சோறும் மீனும் பிசைந்து இறுக்கி அடைத்து வைத்தால் அதை நக்கி எடுப்பதில் கவனம் போகும். போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் வேண்டாம்.

6. நல்லதைச் செய்யும்போது பாராட்டுங்கள். ஒளித்திருந்த குட்டி தானாக வெளியே வந்தால், அந்தக் கணத்தில் மெதுவான குரலில் பெயர் சொல்லி ஏதாவது கொடுங்கள்.

வெடி கொளுத்தும் நாட்களில்

சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, கோயில் திருவிழா ஆகியவை முன்கூட்டியே தெரிந்த நாட்கள். அன்று பகலில் நன்றாக நடக்கவிட்டு, பொழுதுபடுவதற்கு முன் சாப்பாடு கொடுத்து, நாயை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கதவு யன்னலைச் சாத்தி வானொலியைப் போடுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். வெளியே மரத்தில் கட்டி விடாதீர்கள். கயிறு கழுத்தை இறுக்கலாம், அல்லது அறுத்துக்கொண்டு ஓடலாம். கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்தால், ஓடினாலும் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கால இடிமுழக்கத்துக்கும் இதுவே பொருந்தும்.

மனிதருக்கான நித்திரை மாத்திரையையோ காய்ச்சல் மாத்திரையையோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

வைத்தியரிடம் எப்போது?

முன்னர் நன்றாக இருந்த நாய் திடீரென்று பயந்தாலோ கோபப்பட்டாலோ நோவு இருக்கலாம். காதில் சீழ், உண்ணிக் காய்ச்சல், அடிபட்ட காயம் ஆகியவற்றைக் கால்நடை வைத்தியர் பார்த்துச் சொல்வார். பழக்கியும் பயம் குறையாத நாய்களுக்கு அவரே மருந்து தரவும் கூடும்.

விசர்நாய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள். உங்கள் பகுதியில் தடுப்பூசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

எமக்கும் பொருந்தும்

வீமன் இப்போது முழுமையாகச் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். யானை வெடி கேட்டால் இன்றும் கட்டிலுக்குக் கீழேதான் போகும். ஆனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்து சாப்பிடும். படலையில் ஆள் நின்றால் குரைக்கும். பக்கத்து வீட்டுப் பையன் போடும் பாணை வாலாட்டி வாங்கும். அந்த அம்மா தும்புத்தடியை விட்டுவிட்டார். வெடி கேட்கும் இரவுகளில் கட்டிலருகே நிலத்தில் பாயைப் போட்டு இருப்பாராம். "அதுக்குத் துணையா இருக்கிறன் எண்டு நினைச்சன். இப்ப பார்த்தால் எனக்கும் நெஞ்சிடி குறைவு" என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் வெடிச்சத்தம் வெறும் சத்தம் அல்ல என்பதை அறிவேன். யுத்தம் முடிந்து எத்தனை வருடங்கள் போனாலும் உடம்பு சிலவற்றை மறப்பதில்லை. அது கோழைத்தனமும் அல்ல, விசரும் அல்ல. "இன்னுமா பயப்படுகிறாய்?" என்று உங்களை நீங்களே அதட்ட வேண்டாம். பிறர் அதட்டினாலும் ஏற்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். நித்திரையின்மை, நெஞ்சிடி, கெட்ட கனவு தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சாக்கை விரித்து ஒரு மூலையை இன்றைக்கே ஒதுக்கிக் கொடுங்கள். வெடி தொடங்கிய பின் பழக்க முடியாது.