வண்டி யார் பேரில்? வரி ரசீது யார் கையில்?

உங்கள் வீட்டில் வண்டி இருக்கிறதா? ஸ்கூட்டியோ, பைக்கோ, ஆட்டோவோ, குட்டி யானையோ எதுவாக இருந்தாலும் சரி. அந்த வண்டிக்கு வரி கட்டியாச்சா என்று கேட்டால் பத்தில் எட்டு பேர் சொல்கிற பதில், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்பதுதான். வண்டி வாங்கக் கடன் எடுத்தது யார்? நாம். குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போட்டு, மாதம் தவறாமல் தவணை கட்டுவது யார்? அதுவும் நாம்தான். வரி விஷயம் மட்டும் ஏன் தெரியாமல் போக வேண்டும்?

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காய்கறி ஏற்றிப் போக ஒரு குட்டி யானை வாங்கினார்கள். வண்டி அவர் பேரில், ஓட்டுவது மகன். அப்போது அந்த வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய முடியாது என்று ஒரு புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் ஒரு ரசீது கொண்டுவந்து தருவார். நம் சகோதரி அதையெல்லாம் குழுப் பாஸ்புக்கோடு ஒரே கவரில் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து வண்டியை விற்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கு காலாண்டு வரி கட்டப்படவே இல்லை என்று கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் கையில் இருந்த ரசீதில் பாதி, பழைய ரசீதில் தேதியை மாற்றி எடுத்த ஜெராக்ஸ். பாக்கி வரி, அதற்கு மேல் அபராதம், எல்லாம் விற்ற பணத்தில் கழிந்தது. கடனில் ஒரு தவணைகூடத் தவறாதவர் அவர். "பேப்பர் கையில இருக்கேன்னு நம்பிட்டேன்க்கா" என்று அழுதார்.

அவர் ஏமாந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரி கட்டும் முறை மாறிவிட்டது, ஆனால் அந்த மாற்றத்தை யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

முன்பெல்லாம் வரி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்று, பணமோ டி.டி.யோ கொடுத்து, முத்திரை போட்ட சீட்டை வாங்கி வருவோம். அந்தச் சீட்டுதான் சாட்சி. இப்போது வரிக் கணக்கு இருப்பது 'வாகன்' என்கிற கம்ப்யூட்டர் பதிவில். மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாக வண்டி எண்ணைப் போட்டு, செல்போனில் வருகிற ஓ.டி.பி.யைக் கொடுத்து, வங்கிக் கணக்கு மூலமாகவோ கார்டு மூலமாகவோ கட்டிவிடலாம். ரசீதும் அங்கேயே இறங்கும். வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அது நல்லதுதான். ஆனால் கையில் உள்ள காகிதம் என்ன சொன்னாலும், கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்த ஓ.டி.பி. போவதும் பதிவில் இருக்கும் செல் நம்பருக்கு. நம் சகோதரியின் வண்டிக்குப் பதிவில் இருந்தது யாருடைய நம்பர் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் புரோக்கருடையதுதான்!

ஆகவே முதல் வேலை, உங்கள் வண்டிப் பதிவில் உங்கள் சொந்த செல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பரிவாகன் தளத்திலேயே நம்பரை மாற்றும் வசதி உண்டு. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் கேட்கும். ஆதாரில் ஒரு மாதிரியும் ஆர்.சி.யில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் சிக்கல் வரும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் வீட்டுக்காரர் இனிஷியல் என்று நம்மில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. அதை முதலில் சரி செய்துகொள்ளுங்கள்.

புது வண்டி வாங்கும்போது

சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிக்கும் காருக்கும் வாங்கும்போதே ஒரே தடவையாகக் கட்டுவது ஆயுட்கால வரி, அதாவது 'லைஃப் டாக்ஸ்'. ஷோரூம்காரர்களே ஆன்லைனில் கட்டி, நம்மிடம் மொத்த விலையில் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 9 முதல் இந்த வரி உயர்ந்தது. அதற்கு முன் இரு சக்கர வண்டிக்கு எல்லா விலைக்கும் 8 சதவீதம். அதன் பிறகு விலை 1 லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 90,000 ரூபாய் வண்டிக்கு முன்பு 7,200 ரூபாய் கட்டியவர்கள் 9,000 ரூபாய் கட்ட வேண்டி வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 99,000 ரூபாய் வண்டிக்கு வரி 9,900. 1,01,000 ரூபாய் வண்டிக்கு 12,120. விலையில் 2,000 ரூபாய் வித்தியாசம், வரியில் அதைவிட அதிகம். ஷோரூமில் "கொஞ்சம்தான்மா கூட, மேல் மாடல் எடுத்துக்கோங்க" என்று சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. வேறு, இந்த வரி வேறு. 2025 செப்டம்பர் 22-இல் 350 சி.சி. வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆயுட்கால வரி மாநில அரசுடையது, அதன் சதவீதம் அதனால் குறையவில்லை. மின்சார வண்டிகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை முழு வரி விலக்கு என்று அரசு அறிவித்திருந்தது. நீங்கள் வாங்கும் நாளில் எந்த ஆணை நடப்பில் உள்ளது என்று கேட்டு, விலக்கு உண்டென்றால் பில்லில் வரி சேர்க்கவில்லையே என்று பாருங்கள். வண்டி விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஆன் ரோடு' என்று ஒரே தொகையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் லைசென்சும் விரைவுத் தபாலில்தான் வருகின்றன. முகவரி தப்பாக இருந்தால் திரும்பிப் போய்விடும்.

பழைய வண்டி வாங்கினால்

வரி பாக்கி வண்டியோடு வரும். விற்றவர் கட்டவில்லை என்றால் வாங்கியவர் தலையில்தான் விழும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டி எண்ணை வாங்கி, வரி எதுவரை கட்டியிருக்கிறது, வங்கிக் கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். கடன் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யில் இருந்து கடனை நீக்கியிருக்க வேண்டும். பேர் மாற்றப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆயுட்கால வரி கட்டிய நம் மாநில வண்டி கை மாறினால் அந்த வரியை மறுபடி கட்டத் தேவையில்லை. "பேர் மாத்தணும்னா லைஃப் டாக்ஸ் திரும்பக் கட்டணும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் மட்டும் பதிவைப் புதுப்பிப்பதோடு பசுமை வரியும் உண்டு, விலை பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

விழுப்புரம், கடலூர் பக்கம் உள்ள சகோதரிகளுக்குத் தெரியும், புதுச்சேரி நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கும். இங்கேயே வைத்து ஓட்டுவதென்றால் இங்கே வரி கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இந்த மாநிலப் பதிவு எண்ணும் வாங்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு மலிவாக இருக்காது.

வண்டி கணவர் பேரில் இருந்து அவர் காலமாகிவிட்டால் என்ன செய்வது என்று பல குழுக்களில் கேட்கிறார்கள். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்? அதனால் குழுத் தலைவிகளும் ஊக்குநர்களும்தான் நினைவுபடுத்த வேண்டும். இப்போது ஆர்.சி.யிலேயே வாரிசு நியமனம் எழுதும் வசதி இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. சேமிப்புக் கணக்குக்கு எழுதுகிறோமே, அதே போல.

வாட்ஸ்அப்பில் வரும் வலை

வரியும் அபராதமும் செல்போனுக்கு வந்த பிறகு திருடர்களும் அங்கேயே வந்துவிட்டார்கள். "உங்கள் வண்டிக்கு அபராதம் உள்ளது" என்று ஆர்.டி.ஓ. பேரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். கூடவே ஒரு ஃபைல், பேர் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கும். அதைத் திறந்தால் போனுக்குள் ஒரு கள்ள ஆப் ஏறி, நமக்கு வரும் ஓ.டி.பி.யை எல்லாம் படித்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். குழுப் பணம் இருக்கும் கணக்கும் அதே போனில் இருந்தால்? அரசாங்கம் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பி வரி வசூல் செய்வதில்லை. கட்ட வேண்டியது உண்டா என்று நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சில சமயம் வரி கட்டும்போது வங்கியில் பணம் பிடித்துவிடும், ரசீது வராது. பதறிப்போய் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். நிலுவையில் உள்ள கட்டணத்தைச் சரிபார்க்கும் பகுதி அதே தளத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ரசீது அங்கே வந்துவிடும்.

வழியில் போலீஸ் நிறுத்தினால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ ஆர்.சி.யைக் காட்டலாம், செல்லும். போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது அதற்குச் சமம் ஆகாது.

புரோக்கர் இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிற மகனுக்கோ கணவருக்கோ நேரமில்லை என்றால் யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். கொடுங்கள். அன்று சாயங்காலமே வண்டி எண்ணைப் போட்டு, வரி ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வண்டி ஆர்.சி.யையும், பதிவில் இருக்க வேண்டிய செல்போனையும் கொண்டு வாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் குழுப் பிள்ளைகள் இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறோம். யார் வண்டிக்கு யார் நம்பர் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஓ.டி.பி.யை அந்தப் பிள்ளைகளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், நீங்களே உங்கள் கையால் போடுங்கள்.