மலைக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

கோடை விடுமுறை வந்தால் சுவிசில் வாழும் எம்மவர் வீடுகளில் விருந்தினர் நிறைந்துவிடுவார்கள். ஊரிலிருந்து வந்தவர்களை டிட்லிஸ், யுங்பிரா என்று கூட்டிச் செல்வோம். கட்டுச்சோறும் குடையும் மறப்பதில்லை. யாராவது வழுக்கி விழுந்தால் எவரை அழைப்பது, செலவை யார் கொடுப்பது என்பதை மட்டும் நாம் யோசிப்பதில்லை.

மீட்புக்கு இங்கு குறைவில்லை. 1952இல் தொடங்கிய ரேகா அமைப்பின் உலங்குவானூர்தியில் விமானி, அவசர மருத்துவர், மருத்துவ உதவியாளர் மூவரும் வருவார்கள். இறங்க இடமில்லாவிட்டால் மருத்துவரே கம்பிவடத்தில் தொங்கி இறங்குவார். இதற்கு மருத்துவப் பட்டம் மட்டும் போதாது. 1997 முதல் மலை மருத்துவத்துக்கென்றே பன்னாட்டு டிப்ளோமா உண்டு.

அழைக்கும் இலக்கம் 1414. வாலிஸ் மாநிலத்தில் 144. உலங்குவானூர்தியைக் கண்டதும் இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்தினால் 'உதவி தேவை' என்று பொருள். ஒரு கை மேலும் மறு கை கீழுமாக நீட்டினால் 'தேவையில்லை'. ஆகவே ஒரு கையை ஆட்டி விமானியைக் குழப்பவேண்டாம். அவர்கள் வரும்வரை காயப்பட்டவருக்குக் கீழே எதையாவது விரித்து, ஈர உடையை மாற்றி, நன்றாகப் போர்த்திவிடுங்கள். உடல் மிகவும் குளிர்ந்தவரை உருட்டிப் புரட்டினால் இதயத் துடிப்பே குழம்பலாம். கைகால் தேய்ப்பதும் கூடாது, மதுவும் கூடாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரே முதலாளியிடம் வாரத்தில் 8 மணிநேரமாவது வேலை செய்பவருக்கு விபத்துக் காப்புறுதி உண்டு. விபத்தில் சிக்கினால் மீட்புச் செலவை அது பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகாத தாய்க்கும் ஓய்வுபெற்ற தந்தைக்கும் பொதுவாக அடிப்படை மருத்துவக் காப்புறுதி மட்டுமே. உயிராபத்திலிருந்து மீட்டால் அது செலவில் பாதியைத் தரும். ஆண்டுக்கு 5,000 பிராங்குக்கு மேல் தராது. உயிராபத்து இல்லாமல் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றாலும் பாதிதான். அதன் உச்சம் 500. ஒரு பேச்சுக்கு 4,000 பிராங் பில் வந்தால், முதல் வகையில் எம் கையிலிருந்து 2,000, இரண்டாவதில் 3,500 போகும்.

ரேகாவுக்கு ஆண்டுப் பணம் கட்டும் ஆதரவாளர்கள் 35 இலட்சத்துக்கும் மேல். இது காப்புறுதியன்று. ஆனால் காப்புறுதி தராத மிச்சத்தை, தான் செய்த மீட்புக்கு, ரேகா தள்ளுபடி செய்யலாம். சிலருடைய மேலதிகக் காப்புறுதியிலும் மீட்பு அடங்கியிருக்கும். ஊரிலிருந்து வருபவர் வீசாவுக்காக எடுத்த பயணக் காப்புறுதியில் மலை மீட்பு உண்டா என்று பாருங்கள்.

மாதா மாதம் காப்புறுதிப் பணத்தைத் தவறாமல் கட்டுகிறோம். அந்தப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு மலையேறுவோம்.