நூற்றுக்கு எவ்வளவு என்பதும், எதில் நூற்றுக்கு என்பதும்

கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பை அடுத்துள்ள வளையமாதேவியின் பெயர் 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாடெங்கும் கேட்கப்பட்டது. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்ப் பணி 26-ஆம் தேதி அங்கே தொடங்கியது. முன்னரே கையகப்படுத்தப்பட்டவை என்று நிறுவனம் கூறிய நிலங்களில் நெற்பயிர் நின்றது. அதன் மீதே இயந்திரங்கள் இறங்கின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. சேதமுற்ற பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய ஆணையோ, அறிவிப்போ, அட்டவணையோ கிராமத்திற்கு வரும்பொழுது அதனைப் படித்துத் தமக்குரியது எவ்வளவு என்று விவசாயி தாமே கணக்கிட வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். கணக்கென்றால் அஞ்சுகிறவர்கள்கூட மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று நெல் வியாபாரி சொன்னால் விரல் மடித்து நொடியில் விடை கூறிவிடுகிறார்கள். அந்தத் திறமையே இங்கும் போதுமானது.

முதலில் அளவையைப் பார்ப்போம். ஆணை ஏக்கரில் பேசுகிறது. பட்டாவோ ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. ஒரு ஹெக்டேர் 100 ஏர், ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஆகவே ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். பட்டாவில் 15 ஏர் என்று இருந்தால் அது 37 சென்ட் ஆகும். ஏக்கருக்கு 40,000 என்றால் சென்டுக்கு 400. 37 சென்டுக்கு 14,800 ரூபாய். பதினைந்தைச் சென்ட் என்றே எண்ணிவிட்டவர் 6,000 ரூபாயோடு மனநிறைவு கொண்டு வீடு திரும்புவார்.

அடுத்தது சதவீதம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. 2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறுதல் தொகை நூற்றுக்கு நூறு என்று அச்சட்டம் கூறுகிறது. பழைய 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது நூற்றுக்கு முப்பதாக இருந்தது. நூறு என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், எதில் நூறு என்று கேட்க வேண்டும்.

ஓர் ஏக்கரின் சந்தை மதிப்பு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிராமப்புற நிலமாயின், நகரத்திலிருந்துள்ள தூரத்தைக் கருதி, 1 முதல் 2 வரை அரசு குறிக்கும் எண்ணால் அதனைப் பெருக்க வேண்டும். அவ்வெண் 1.25 எனக் கொண்டால் 7.5 லட்சம் ஆகிறது. கிணறு, மரம் முதலியவற்றின் மதிப்பும் இத்துடன் சேரும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதனை விட்டுவிடுகிறேன். ஆறுதல் தொகை பெருக்கி வந்த 7.5 லட்சத்தின் மேல் கணக்கிடப்படுவது. ஆகையால் மொத்தம் 15 லட்சம். அதனை 6 லட்சத்தின் மேல் கணக்கிட்டால் 13.5 லட்சமே வரும். சதவீதம் மாறவில்லை, அடிப்படை மாறியதால் ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் குறைந்துவிட்டது.

அதே சட்டத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று மற்றொரு தொகையும் உண்டு. அது பெருக்கிய தொகையின் மேல் அன்று, சந்தை மதிப்பின் மேல் மட்டுமே வருவது. 6 லட்சத்திற்கு ஆண்டுக்கு 72,000. ஒன்றரை ஆண்டு கடந்திருந்தால் 1,08,000. ஒரே அறிவிப்பில் வரும் இரண்டு சதவீதங்களுக்கு இரண்டு அடிப்படைகள்!

அந்த 6 லட்சம் எங்கிருந்து வருகிறது? வழிகாட்டி மதிப்பு, அருகிலுள்ள அதேபோன்ற நிலங்களின் சராசரி விலை ஆகியவை ஒப்பிடப்பட்டு, உயர்ந்தது கொள்ளப்படும். அந்தச் சராசரியைக் காண்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், விலை மிகுந்த சரிபாதியை மட்டுமே எடுக்க வேண்டும். சென்டுக்கு 2, 3, 3, 4, 5, 6, 6, 7 ஆயிரம் என எட்டுப் பத்திரங்கள் இருப்பின், எட்டின் சராசரி 4,500. மேற்பாதி நான்கின் சராசரி 6,000. ஏக்கருக்குக் கணக்கிட்டால் இவ்வேறுபாடு ஒன்றரை லட்சம். மேற்கூறியபடி பெருக்கியும் இரட்டித்தும் பார்த்தால் 3.75 லட்சமாக வளர்கிறது. ஆதலால் பத்திரங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, விலை வரிசைப்படி எழுதிப் பார்ப்பது நன்று.

படங்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 2015-ஆம் ஆண்டு நிலவரப்படி நெய்வேலிச் சுரங்கங்களின் ஆண்டுத் திறன், முதல் சுரங்கம் 105 லட்சம் டன், முதல் 'ஏ' சுரங்கம் 30 லட்சம், இரண்டாம் சுரங்கம் 150 லட்சம். ஆக 285 லட்சம் டன். இதனை வட்டப்படமாக வரைந்தால் இரண்டாம் சுரங்கத்தின் பங்கு 52.6 சதவீதம், அதாவது பாதி வட்டத்திற்குச் சற்று மேல். ஏனையவை 36.8, 10.5. மூன்றையும் கூட்டினால் 99.9 தான் வரும். இது பிழையன்று, ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கத்தைச் சரிக்கட்டியதால் வந்த சிறு குறை. இதற்காக எவரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் தூண் படம் ஒன்றில் அடிக்கோடு சுழியில் தொடங்காமல் 80-இல் தொடங்கியிருந்தால் சற்று நிதானிக்க வேண்டும். அங்கே 85-க்கும் 90-க்கும் உள்ள வேறுபாடு ஒன்றுக்கு இரண்டு மடங்கு உயரமாகத் தோன்றும். கிராம சபையில் அத்தகைய படம் காட்டப்பட்டால், இடப்புறம் எழுதியுள்ள எண்களை உரக்கப் படிக்குமாறு கேட்க உறுப்பினர் எவருக்கும் உரிமையுண்டு.