வெள்ளியின் மேல் எழுதிய எழுத்து

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்

தூய வெள்ளி மிக மென்மையானது. அதில் கரண்டி செய்தால் எளிதில் வளைந்துவிடும். ஆகவே சிறிது செம்பு சேர்த்தே உருக்குவர். எவ்வளவு செம்பு என்பதில்தான் வஞ்சனை நுழைகிறது. மெருகேற்றிய பின் வாங்குபவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கொலுசை அடகு வைக்கப் போனால், கடைக்காரர் உரைத்துப் பார்த்துச் சொல்வதே தீர்ப்பு. மறுத்துப் பேச நம் கையில் சான்று ஏது? அந்தச் சான்றைப் பொருளின் மேலேயே பொறித்து வைக்க வேண்டும் என்று இங்கிலாந்து நாட்டில் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்டம் செய்தனர்.

முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1300ஆம் ஆண்டில், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 'ஸ்டெர்லிங்' என்பது இந்தத் தரமே. தேறிய பொருளுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை. 1363 முதல் செய்தவரும் தம் குறியை இட வேண்டியதாயிற்று. சரி, சோதிப்பவரே கண்ணை மூடிக்கொண்டால்? அதற்கும் 1478இல் வழி கண்டனர். லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில், ஆண்டுக்கோர் எழுத்தைப் பொருளில் அடித்தனர். மண்டபத்தில் இட்ட குறி ஆதலால் அது 'ஹால்மார்க்' ஆயிற்று. இவ்வெழுத்து பழம்பொருள் ஆராய்வோருக்காகத் தோன்றியதன்று. தரம் குறைந்த பொருள் பின்னாளில் அகப்பட்டால், அதைச் சோதித்த ஆள் யார் என்று பிடிப்பதற்காகத் தோன்றியது. பொறுப்பைக் காட்ட வந்த எழுத்தே இன்று பொருளின் வயதைச் சொல்கிறது.

1544இல் முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் சேர்ந்தது. ஆங்கில வெள்ளியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். 1697 முதல் 1720 வரை செய்தவற்றில் சிங்கத்துக்குப் பதில் பிரிட்டானியா என்னும் பெண்ணுருவம் இருக்கும். நாணயங்களைச் சுரண்டிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க, அக்காலத்தில் தரத்தை 95.84 விழுக்காடாக உயர்த்தியிருந்தனர். அடுத்து ஊர்க்குறி. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, 1773இல் சோதனைச் சாலை பெற்ற பர்மிங்காமுக்கு நங்கூரம். அதே ஆண்டில் அவ்வுரிமை பெற்ற ஷெஃபீல்டுக்குக் கிரீடம். 1975 முதல் அது ரோஜாவாக மாறியது.

எழுத்தைப் படிப்பதில்தான் சுவை. லண்டனில் 'ஜே' எழுத்தையும், 'வி' முதல் 'இசட்' வரையிலும் நீக்கி, 20 எழுத்துகளையே சுற்றுக்குச் சுற்று வடிவம் மாற்றி வழங்கினர். ஆயினும் சிறிய 'ஏ' 1776இலும் வந்தது, 1816இலும் வந்தது. கையிலுள்ள கரண்டி எந்த ஆண்டினது? அருகில் மன்னரின் தலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி செலுத்தியதற்கு அடையாளமான அத்தலை 1784 முதல் 1890 வரையே இடப்பட்டது. தலை இருந்தால் 1816, இல்லையேல் 1776. ஒரு குறி தடுமாறும் இடத்தில் மற்றொன்று கை கொடுக்கிறது.

அந்த 1776ஆம் ஆண்டுக் கரண்டியில் 'எச்.பி.' என்று கூட்டெழுத்தில் காணப்பட்டால், அது ஹெஸ்டர் பேட்மன் என்னும் பெண்மணியின் பட்டறையில் பிறந்தது எனலாம். கணவர் 1760இல் இறந்தபின், 1761இல் தம் பெயரிலேயே குறியைப் பதிவு செய்து, மக்களோடு 1790 வரை தொழில் நடத்தியவர். அவருக்கு எழுதத் தெரியாது என்பர். கைநாட்டு வைக்கும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் எனக்கு, மன்னர்களின் பெயர்களைவிட இந்த இரண்டெழுத்து நன்றாக மனத்தில் நிற்கிறது.

முத்திரையையும் ஏமாற்றினர். 1720இல் அவுன்சுக்கு ஆறு பென்னி வரி வந்தவுடன், சிறு பொருளுக்கு வரி கட்டி முத்திரை பெற்று, அதை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தில் பற்றவைத்தவர் உண்டு. இதைக் கண்டறிய முத்திரையைச் சுற்றி வாயால் ஆவி ஊதினால் போதும். பற்றவைத்த கோடு தெரிந்துவிடும். 'இ.பி.என்.எஸ்.' என்ற எழுத்துகள் இருந்தாலோ, வெள்ளி மேற்பூச்சு மட்டுமே. உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வர்தான். பெயரைத் தவிர அதில் வெள்ளி துளியும் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னைக்கு இத்தகைய சோதனை மண்டபம் வாய்க்கவில்லை. மவுண்ட் ரோடு பி. ஓர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் விற்ற, சாமி உருவங்கள் புடைத்த வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களில் அவர்கள் பெயர் மட்டுமே இருக்கும். அது செய்தவரின் வாக்கு. மூன்றாம் ஆள் ஒருவரின் சான்று அன்று. அத்தகைய பொருளில் தரத்தை அறிய வேண்டுமானால் வேதியியலைத்தான் நாட வேண்டும். சிறு சுரண்டலை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளவறிந்த உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வெள்ளி குளோரைடு தயிர்போல் வெண்மையாய்ப் படியும். படிவது நிற்கும்வரை செலவான உப்பைக் கொண்டு வெள்ளியைக் கணக்கிடலாம். பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக் 1830களில் வகுத்த இம்முறைக்கு, நம் ஆய்வுக்கூடத்துப் பியூரெட்டே போதும்.